இரண்டு முருகன் மலைகளும் ஒரு காமாக் கோடும்

பாறைப் பெட்டியில் இரண்டு மீட்டருக்கு ஒன்றுமே இல்லை.

செந்தூல் பக்கம் ஒரு காலி மனை. அடுக்குமாடி வரப்போகிறது என்று மண் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. எங்கள் டிரில்லர் அண்ணன் துளையிலிருந்து எடுத்த கல்துண்டுகளை மரப்பெட்டியில் ஆழ வரிசைப்படி அடுக்கியிருந்தார். மழைமேகத்தின் நிறத்தில் உருளை உருளையாகச் சுண்ணாம்புக்கல். 23 மீட்டர் சொச்சம் வரைக்கும் ஒழுங்காக வந்த கல் அங்கே நின்றுபோய், 25-க்குக் கீழேதான் மறுபடி ஆரம்பித்தது. நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகி, ‘வரவில்லை’ என்று மார்க்கரால் எழுதி வைத்திருந்தார்.

“நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு தம்பி. திடீர்னு தண்ணி திரும்பி மேல வரல. கம்பி தன்னால எறங்குச்சு. கொஞ்சம் எறங்கி, அப்புறம் மெதுவா அழுத்த அழுத்தப் போச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

கோலாலம்பூரில் சுண்ணாம்புக்கல்லில் துளை போடுகிற யாருக்கும் இது புதிதில்லை. இந்த நகரத்தின் பாதி, கரைந்து ஓட்டை விழுந்த கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேலே பார்த்தால் சமதரை. கீழே ஊசி ஊசியாகக் கல்முனைகள், பள்ளங்கள், குகைகள். இஞ்சினியருக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: அந்த இரண்டு மீட்டர் வெற்றுக் குகையா, களிமண் நிரம்பிய குகையா? வெற்றுக் குகை என்றால் சிமென்ட் பாலை ஊற்றி நிரப்ப ஒரு கணக்கு. களிமண் என்றால் அது வேறு கணக்கு, வேறு தலைவலி. பெட்டியில் இல்லாத ஒன்றைப் பற்றி யாரிடம் கேட்பது?

அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

என் கருவியைப் பார்ப்பவர்கள் முதலில் ஏமாந்துபோவார்கள். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான எஃகுக் குழாய், சப்பாத்திக் கட்டையைவிடச் சற்று ஒல்லி. உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு படிகம் இருக்கிறது. சோடியம் அயோடைடு, அதில் துளியூண்டு தாலியம் கலந்தது. காமாக் கதிர் ஒன்று வந்து அதில் மோதினால் மின்மினி போல ஒரு வெளிச்சம், அதுவும் நம் கண்ணுக்கு எட்டாத அளவில். பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய் அதை மின்துடிப்பாக்கிக் கேபிள் வழியாக மேலே அனுப்பும். 1948-ல் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் காட்டிக்கொடுத்த படிகம் இது. இன்னும் பெரிதாக யாரும் மாற்றவில்லை. கருவி தன்னிடமிருந்து எதையும் வெளியே விடுவதில்லை. அதற்குக் காது மட்டும்தான், வாய் கிடையாது.

அந்தக் காதில் விழுவது மூன்று பேருடைய குரல். பொட்டாசியம்-40, யுரேனியம் குடும்பம், தோரியம் குடும்பம். குடும்பம் என்றால் அது சிதைந்து உண்டாகும் வாரிசுகளும் சேர்த்து. மூன்றுமே பூமி உண்டானபோது கூடவே வந்தவை, இன்னும் தீரவில்லை. பொட்டாசியம்-40 பாதியாகக் குறைய 125 கோடி வருடம் ஆகும், யுரேனியம்-238-க்கு சுமார் 450 கோடி, தோரியத்துக்கு 1400 கோடி. எந்தப் பாறையை எடுத்தாலும் இவை ஏதோ ஒரு அளவில் இருக்கும். எதில் அதிகம் என்பதில்தான் விஷயம். களிமண் கனிமங்கள் பொட்டாசியத்தைத் தங்கள் அடுக்குகளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், தோரியத்தையும் யுரேனியத்தையும் மேலே ஒட்டிக்கொள்ளும். சுத்தமான மணலிலும் சுண்ணாம்புக்கல்லிலும் இவை மூன்றுக்கும் பெரிதாக இடமில்லை. ஆக, எண்ணிக்கை ஏறினால் களி, இறங்கினால் மணலோ சுண்ணாம்போ. பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் விதி இது. இந்த விதியை நம்பி நான் அசிங்கப்பட்ட கதையை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் டம்மியை இறக்கினோம். கருவியின் அதே அளவில் வெறும் இரும்புத் தண்டு. துளை இடிந்திருந்தால் சிக்குவது அதுவாக இருக்கட்டும் என்று. அது சிக்காமல் போய்வந்த பிறகுதான் கருவி. இறக்கும்போது நான் எப்போதும் கேபிளின் மேல் இரண்டு விரலை வைத்திருப்பேன். உள்ளே ஏதாவது விளிம்பில் கருவி உட்கார்ந்துவிட்டால் திரைக்கு முன்னால் விரலுக்குத்தான் தெரியும். இறுக்கமாக இருந்த கேபிள் லேசாகத் தொய்யும். தூண்டில் போட்டவர்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அடியைத் தொட்டதும் கொஞ்சம் தூக்கி, மேலே இழுத்துக்கொண்டே பதிவு செய்யவேண்டும். இறக்கும்போது பதிவு செய்தால், கருவி எங்கேயோ நின்றிருக்கும், சக்கரம் ஆழத்தை எண்ணிக்கொண்டே போகும். இழுக்கும்போது கேபிள் விறைப்பாக இருக்கிறது, ஆழத்தை நம்பலாம். வேகம் நிமிடத்துக்கு இரண்டு மூன்று மீட்டர். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் இந்த இடத்தில் கொட்டாவி விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

ஏன் இவ்வளவு மெதுவாக என்றால், கதிர்கள் வரிசையில் நின்று வருவதில்லை. கூரைத் தகரத்தில் தூறல் விழுகிற மாதிரிதான். ஒரு விநாடியில் எட்டு, அடுத்த விநாடியில் பதினான்கு, அதற்கடுத்து ஒன்பது. கல் அதே கல்தான். 100 எண்ணினால் அதில் பத்து முன்னே பின்னே இருக்கும், அதாவது நூற்றுக்குப் பத்து. 2,500 எண்ணினால் ஐம்பது, நூற்றுக்கு இரண்டுதான். பொறுமையாக எண்ணினால்தான் தூறலுக்கும் மழைக்கும் வித்தியாசம் தெரியும். ஆழத்துக்கு ஆழம் இந்த எண்ணிக்கையைக் கோடாக வரைவதுதான் பதிவு. அவசரப்பட்டு இழுத்தால் அந்தக் கோடு நடுங்கும். அந்த நடுக்கத்துக்கெல்லாம் பாறைப் பெயர் வைத்து அறிக்கை எழுதியவர்களை எனக்குத் தெரியும். அதனால் முக்கியமான இடத்தை எப்போதும் இரண்டு முறை இழுப்பேன். இரண்டு முறையும் அதே இடத்தில் ஏறினால் அது கல் சொல்வது. ஒருமுறை மட்டும் ஏறினால் அது தூறல்.

செந்தூல் துளையில் கோடு அடியிலிருந்து அமைதியாக வந்தது. சுண்ணாம்புக்கல் அப்படித்தான், பரீட்சை ஹால் மாதிரி இருக்கும். 25 மீட்டருக்குப் பக்கத்தில் சட்டென்று வலது பக்கம் சாய்ந்தது. எண்ணிக்கை நாலைந்து மடங்கு. ஒன்றேகால் மீட்டருக்கு அப்படியே நின்றது. அப்புறம் இறங்கி, 24-க்கு மேலே மறுபடி அமைதி.

அதாவது காணாமல் போன இரண்டு மீட்டரில் கீழ்ப்பாதிக்கு மேல் களிமண். அதன் மேலே? கோடு ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிடமோ தண்ணீரோ இருந்தால் காமாவில் ஏறுவதற்கு எதுவும் இல்லை. சுண்ணாம்புக்கல்லே குரல் குறைந்தது என்பதால் இன்னும் இறங்குவதும் தெரியாது. நொறுங்கிப் பெட்டிக்கு வராமல் போன சுண்ணாம்புக்கல்லும் இதே கோட்டைத்தான் போடும். அங்கே அண்ணன் சொன்னதுதான் கை கொடுத்தது. முதலில் கம்பி தன்னால் இறங்கியது, அப்புறம் அழுத்த அழுத்தப் போனது. மேலே வெற்றிடம், கீழே களி. பாதி நிரம்பிய பானை. நான் அறிக்கையில் இரண்டையும் எழுதினேன்: கோடு சொன்னது இது, டிரில்லர் சொன்னது இது என்று. மேலிடத்தில் ஒருவர் டிரில்லர் சொன்னதை எடுத்துவிடச் சொன்னார். நான் எடுக்கவில்லை.

இன்னொரு விஷயம். இதெல்லாம் துளைக்குள் இரும்புக் கேஸிங் குழாய் இருக்கும்போதே நடந்தது. கேஸிங்கை உருவினால் மேலே உள்ள மணல் சரிந்துவிடும் என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தார், அவர் சொன்னதும் சரி. கேமரா இறக்கினால் இரும்புச் சுவர்தான் தெரியும். மின்தடை அளக்கும் கருவிக்கும் இரும்புக்கு அப்பால் ஒன்றும் எட்டாது. காமா இரும்பைத் தாண்டி வரும். வரும்போது கொஞ்சம் குறையும், ஆனால் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். இந்த முறை பிழைத்து வளர்ந்ததே இதனால்தான். 1927-ல் பிரான்சின் பெஷல்பிரானில் ஷ்லும்பர்ஜே சகோதரர்களின் ஆட்கள் முதல் மின்தடைப் பதிவை எடுத்தார்கள். ஆனால் ஏற்கெனவே இரும்புக் குழாய் இறக்கிய பழைய எண்ணெய்க் கிணறுகளில் அது குருடு. 1930களின் கடைசியில் காமா வந்த பிறகுதான் அந்தக் கிணறுகளின் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்க முடிந்தது.

எவ்வளவு தூரம் கேட்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு முழம்கூட இல்லை. துளைச் சுவரிலிருந்து முப்பது சென்டிமீட்டருக்குள் இருக்கும் கல்தான் ஏறக்குறைய எல்லா எண்ணிக்கையையும் தருகிறது. அதற்கு அப்பால் தங்கமே இருந்தாலும் தெரியாது.

கோலாலம்பூரின் அடியில் என்ன இருக்கிறது என்று கோட்டை வைத்தே ஒரு சுற்று சொல்லலாம். சுண்ணாம்புக்கல் பற்றிச் சொல்லிவிட்டேன். அதன் மேல் சில இடங்களில் கென்னி ஹில் என்கிற அடுக்கு உட்கார்ந்திருக்கிறது. மணற்கல், களிக்கல், மணற்கல், களிக்கல் என்று மாறி மாறி. அங்கே கோடு ரம்பப் பல் மாதிரி வரும், பார்க்கவே அழகாக இருக்கும். இரட்டைக் கோபுரம் நிற்பது இந்த அடுக்கில்தான். முதலில் குறித்த இடத்தில் கீழே சுண்ணாம்புக்கல் ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் அதலபாதாளத்திலும் இருந்ததால், சுமார் 60 மீட்டர் தள்ளிக் கட்டினார்கள். 452 மீட்டர் உயரக் கட்டடம் பாறையைத் தொடவே இல்லை. 100 மீட்டரைத் தாண்டி இறங்கும் தூண்கள் மண்ணின் உராய்வில் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. தீபாவளிக்கு அங்கே படம் பிடிக்கப் போகும்போதெல்லாம் எனக்கு மேலே பார்ப்பதைவிடக் கீழே பார்க்கத்தான் தோன்றும்.

மூன்றாவது, கிரானைட். கிழக்கே மலைத்தொடர் முழுவதும் அதுதான். கிரானைட்டில் கோடு தாளை விட்டே வெளியே போகும்.

இப்போது அசிங்கப்பட்ட கதை.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். சுங்கை பீசி பக்கம், பழைய ஈயச் சுரங்க நிலம். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: நாங்கள் ஈயம் என்பது உங்கள் வெள்ளீயம். நீங்கள் ஈயம் என்று சொல்வதை நாங்கள் காரீயம் என்றால்தான் புரிந்துகொள்வோம். இந்தக் குழப்பத்தில் ஒரு பெரியப்பாவோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறேன்.) கோலாலம்பூர் பிறந்ததே ஈயத்தால். 1857-ல் அம்பாங்கில் ஈயம் தோண்டப் புறப்பட்ட 87 பேரில் பெரும்பாலானவர்கள் காய்ச்சலில் செத்துப்போனார்கள், அதற்குப் பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் கழுவித் தள்ளிய மணல்தான் இன்றைக்கு எத்தனையோ தாமான்களுக்கும் (குடியிருப்புப் பகுதிகள்) பேரங்காடிகளுக்கும் அடியில் இருக்கிறது.

அந்த மணலில் துளை போட்டுக் கேஸிங் இறக்கியிருந்தார்கள். நான் கருவியை இழுத்தேன். ஆறு மீட்டரிலிருந்து ஒன்பது வரைக்கும் எண்ணிக்கை எகிறியது. பாடப்புத்தகம் மனப்பாடம். ‘களிமண், 3 மீட்டர்’ என்று பெருமையாக எழுதிக் கொடுத்துவிட்டேன். களிமண் என்றால் கட்டடம் அமுங்கும், தண்ணீர் மெதுவாக வடியும். அதை வைத்து அடுத்தவர்கள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாள் டிரில்லர் அண்ணன் போன் அடித்தார். “தம்பி, நீங்க எழுதுன களிமண்ண கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க.”

போனேன். அதே ஆழத்தில் பக்கத்துத் துளையிலிருந்து எடுத்த மண்ணைப் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார். மணல். சந்தேகமே இல்லாத, விரலிடுக்கில் ஓடுகிற மணல். எனக்கு முகம் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கருவி கெட்டுப்போயிருக்கும் என்று முணுமுணுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தன் மஞ்சள் சேப்டி ஹெல்மெட்டைக் கவிழ்த்து, உள்பட்டையைக் கழற்றினார். இரண்டு கைப்பிடி மணலைப் போட்டார், தண்ணீர் ஊற்றினார், சுழற்றினார். முறத்தில் அரிசி புடைப்பதற்கும் இதற்கும் சாடை ஒன்றுதான். வெள்ளை மணல் தண்ணீரோடு விளிம்பைத் தாண்டிப் போனது. மறுபடி தண்ணீர், மறுபடி சுழற்று. ஐந்தாறு தடவைக்குப் பிறகு ஹெல்மெட்டின் குழிவில் ஒரு கறுப்பு வால் மிஞ்சியது, நடுவில் தேன் நிறத்தில் சில மணிகள்.

“ஆமாங்,” என்றார். “எங்கப்பா இத அள்ளுற எடத்துலதான் வேல செஞ்சாரு.”

ஆமாங் என்பது ஈயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் கனமான மணல். இல்மனைட், சிர்கான், மோனசைட் எல்லாம் அதில் சேர்ந்து கிடக்கும். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, சாதாரணப் பாறையில் இருப்பதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணல் அள்ளுகிறார்களே, அதில் இருப்பதும் இந்த மோனசைட்தான். ஒரு பிடி மோனசைட் ஒரு லோரிக் களிமண்ணின் குரலை அடக்கிவிடும். என் கருவி சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. படித்தவன் தப்பு.

அந்த வால் மிஞ்சிய ஹெல்மெட்டின் பக்கத்தில் கருவியைக் கொண்டுபோனேன். எண்ணிக்கை கிறுகிறுவென்று ஏறியது. அண்ணன் சிரித்தார். அறிக்கையைத் திரும்ப வாங்கி, ‘களிமண்’ என்பதை அடித்து எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு தே தாரே டீ என் செலவு.

இதற்குப் பிறகுதான் மூன்று குரலையும் தனித்தனியாகக் கேட்கும் கருவியின் அருமை புரிந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு சுருதி, அதாவது கதிரின் ஆற்றல். பொட்டாசியத்தின் கதிர் 1.46 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் வரும். யுரேனியம் குடும்பத்தை, அதன் பேரன் பிஸ்மத்-214 போடும் 1.76-ல் பிடிக்கலாம். தோரியம் குடும்பத்துக்கு தாலியம்-208 கொடுக்கும் 2.61, எல்லாவற்றிலும் கீச்சுக்குரல். மொத்த எண்ணிக்கை ஏறியிருக்கிறது, ஆனால் ஏறியது தோரியம் மட்டும், பொட்டாசியம் படுத்துவிட்டது என்றால் களிமண் என்று எழுதுவதற்கு முன் ஹெல்மெட்டை எடுப்பது நல்லது.

அதுவும் நம் ஊரில் ரொம்ப நல்லது. பாடப்புத்தகம் எழுதியவர்கள் டெக்சஸையும் ஓக்லஹோமாவையும் பார்த்து எழுதினார்கள். அளவுகோலே அங்கேதான் பிறந்தது. 1959-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழியைத் தோண்டி, பொட்டாசியமும் யுரேனியமும் தோரியமும் கலந்த காங்கிரீட்டை அதில் ஊற்றினார்கள். அந்தக் கலவைக்கும் பக்கத்தில் இருக்கும் சாதாரணக் காங்கிரீட்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 200 ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் அலகு) என்று பேர் வைத்தார்கள். அமெரிக்க நடுப்பகுதியின் களிக்கல் ஏறக்குறைய 100-ல் வரட்டும் என்று கணக்குப் பண்ணி. உலகம் முழுக்கக் காமாக் கோட்டின் அடியில் எழுதும் அந்த மூன்றெழுத்து, ஹூஸ்டனில் தோண்டிய ஒரு குழியைக் குறிக்கிறது.

நம் மண்ணுக்கு அந்தக் குழியைப் பற்றி என்ன கவலை? இங்கே வருடம் முழுக்க மழையும் வெயிலும் பாறையைப் பிழிகின்றன. கிரானைட்டில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் மக்கி வெள்ளைக் கயோலின் களியாகும்போது, பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும். அதனால் கயோலின் களியில் பொட்டாசியத்தின் குரல் கேட்காது. தோரியமோ கரையாது, அசையாது, இருந்த இடத்திலேயே செம்மண்ணில் தங்கிவிடும். இன்னொரு பக்கம், மலையடிவாரத்தில் மக்கி முடிக்காத கிரானைட் மணலில் ஃபெல்ஸ்பார் இன்னும் மிச்சம் இருக்கும், அது மணலாக இருந்துகொண்டே சத்தம் போடும். ஆகக் களி சாதுவாகவும் மணல் வாயாடியாகவும் இருக்கும் துளைகள் இங்கே சாதாரணம். யார் வீட்டு மண் என்று கேட்காமல் எண்ணைப் படித்தால் தலைகீழாகத்தான் வரும்.

இதை ஒரு நாள் சொந்தச் செலவில் சோதித்துப் பார்த்தேன். கையடக்கமாக ஒரு கதிர் எண்ணி வைத்திருக்கிறேன், பாக்கெட்டில் போடலாம். பத்துமலைக்கு ஒரு சாதாரண வியாழக்கிழமை காலையில் போனேன், கூட்டமில்லாத நேரம். அந்த மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல், நாற்பது கோடி வருடத்துக்கு முன்னால் கடலடியில் படிந்தது. 272 படி ஏறும்போது எண்ணிக்கை நான் நினைத்த அளவுக்குக் குறையவில்லை. அப்புறம்தான் உறைத்தது: படி காங்கிரீட், காங்கிரீட்டில் போடும் ஜல்லி பெரும்பாலும் கிரானைட். நான் மலையை அளக்கவில்லை, குத்தகைக்காரர் வாங்கிய ஜல்லியை அளந்துகொண்டிருந்தேன். குகைக்குள்ளே போய்ச் சுவர் ஓரமாக, குரங்கு ஒன்று என் கையில் இருப்பது தின்பண்டமா என்று பார்த்துக்கொண்டிருக்க, கல்லோடு ஒட்டிப் பிடித்தேன். இறங்கிவிட்டது. மேலே அத்தனை பெரிய கல்கூரை வானத்திலிருந்து வருகிற காஸ்மிக் கதிரையும் கொஞ்சம் தடுத்துவிடும். நான் நின்று அளந்த இடங்களிலேயே அமைதியானது அதுதான்.

அடுத்த மாதம் பினாங்கு, அத்தை வீட்டு விசேஷம். மறுநாள் காலை தண்ணீர்மலை. பினாங்குத் தீவின் மலைகளெல்லாம் கிரானைட். அடிவாரத்தில் பெரிய உருண்டைப் பாறை ஒன்றின் மேல் எண்ணியை வைத்தேன். பத்துமலைக் குகையில் பார்த்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல். பால தண்டாயுதபாணியைப் பார்க்க 513 படி ஏறவேண்டும், அத்தனை படியிலும் பக்கத்துப் பாறை கடகடவென்று எண்ணிக்கொண்டே வந்தது. பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, “அது என்னப்பா, பிரஷர் பாக்குற மெஷினா?” என்று கேட்டார். கல்லுக்குப் பிரஷர் பார்க்கிறேன் என்றேன். “எவ்வளவு இருக்கு?” என்றார். “இந்த மலைக்குக் கொஞ்சம் ஜாஸ்திம்மா.”

ஜாஸ்தி என்றால் ஆபத்து என்று அர்த்தமில்லை. தலைமுறை தலைமுறையாகக் கிரானைட்டின் மேல் வீடு கட்டி வாழ்கிறார்கள். மலேசிய மண்ணிலேயே யுரேனியமும் தோரியமும் உலக சராசரியைவிடக் கூடுதல்தான். ஆனால் கதிர்வீச்சு என்ற சொல்லைச் சைட்டில் சத்தமாகச் சொல்ல நான் தயங்குவேன், அதற்குக் காரணம் இருக்கிறது. பேராக் மாநிலத்தின் புக்கிட் மேராவில் மோனசைட்டைப் பிரித்த ஆலையின் தோரியக் கழிவைப் பற்றி, 1980களில் ஊர்மக்கள் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். அந்த நினைவு இன்னும் ஆறவில்லை, ஆறவேண்டிய அவசியமும் இல்லை. ஒருமுறை நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்துத் தாமான்காரர்கள் நாலு பேர் வந்து மறித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு என் கருவியைப் பிரித்துக் காட்டியிருக்க முடியாது. அவர்களில் ஒருவர் கையில் கருவியைக் கொடுத்து, இதை நிறுத்தினாலும் ஓட்டினாலும் வெளியே எதுவும் வராது, வருவதை எண்ணுவது மட்டும்தான் வேலை என்றேன். சீசியம்-137 வைத்து அடர்த்தி அளக்கிற கருவிகளும் உண்டு. அவை வேறு சாதி. அவற்றைத் தொட 1984-ஆம் வருட அணுசக்தி உரிமச் சட்டப்படி உரிமம் வேண்டும், பூட்டு வேண்டும், கணக்கு வேண்டும். என்னிடம் அது கிடையாது என்று சொன்ன பிறகு போனார்கள். முழுசாக நம்பினார்களா என்று தெரியாது.

மழையைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கோலாலம்பூரில் நாலு மணிக்கு வானம் பொத்துக்கொள்ளும் அல்லவா? ஆரம்ப நாட்களில் ஒருமுறை, மழைக்கு முன் கருவியைத் தரையில் வைத்து எண்ணினேன். மழை விட்டதும் மறுபடி எண்ணினால் கூடியிருந்தது. கருவிக்குள் தண்ணீர் போய்விட்டது என்று பயந்து வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் அந்தப் படிகத்துக்குத் தண்ணீர் பட்டால் சர்க்கரை மாதிரி கெட்டுப்போகும். ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். தானாகவே கிட்டத்தட்டப் பழைய எண்ணிக்கைக்கு வந்துவிட்டது. மண்ணிலிருந்து கிளம்பும் ரேடான் வாயு காற்றில் சிதைந்து காரீயம்-214, பிஸ்மத்-214 என்று துகள்களாகிறது. மழை அவற்றைக் கழுவித் தரையில் போடும். அவற்றின் அரை ஆயுள் முறையே 27 நிமிடமும் 20 நிமிடமும். அதனால் சீக்கிரமே அடங்கிவிடும். இப்போதெல்லாம் மழை விட்டதும் அவசரப்பட்டு அளக்காமல் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துவிடுவேன்.

கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சைட்டில் ஏதாவது ஒரு நிலையான சத்தம் வேண்டும். ஆபீஸில் ஒரு பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டில் இருந்தது, தோட்டத்துத் திருவிழாவில் கூத்து நடக்கும்போது எரியுமே, அந்த வலை. அந்தக் காலத்து மேண்டில்களில் தோரியம் ஆக்சைடு போட்டிருப்பார்கள், வெள்ளை வெளிச்சம் அதனால்தான். அது தொட்டால் உதிர்கிற சாமான். ஒரு நாள் யாரோ துடைக்கிறேன் என்று பொடியாக்கிவிட்டார்கள். அப்புறம் எனக்குத் தோன்றியது எம்.ஓ.பி. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம், செங்கல் நிறத்தில் உப்புக்கல் மாதிரி இருக்கும். ஒரு கிராம் பொட்டாசியத்தில் விநாடிக்குச் சுமார் 31 அணு சிதையும். இந்த உரத்தில் பாதி எடை பொட்டாசியம். ஒரு கிலோவில் விநாடிக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேல், அதில் பத்தில் ஒன்று காமாவாக வெளியே வரும். நாளைக்கும் அடுத்த வருடத்துக்கும் அதே எண்ணிக்கை. இதைவிட மலிவான அளவுகோல் எங்கே கிடைக்கும்?

உரத்துக்குக் கடை தேட வேண்டியிருக்கவில்லை. அம்மாவிடம் ஒரு மைலோ டின் நிறைய இருந்தது. அவர் கல்யாணத்துக்கு முன்னாலும் அப்புறமும் தோட்டத்தில் உரம் போடுகிற வேலை பார்த்தவர். விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, இடுப்பில் சாக்கு கட்டி, வாளியில் உரத்தைச் சுமந்து மரம் மரமாக வீசியவர். இப்போது வீட்டுக்குப் பின்னால் இரண்டு வாழை, ஒரு கறிவேப்பிலை.

டின்னைச் சமையலறை மேசையில் வைத்து எண்ணியைப் பக்கத்தில் கொண்டுபோனேன். மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது வேகமாகத் தட்ட ஆரம்பித்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

“என்னய்யா அது?”

சொன்னேன். இதிலிருந்து வருகிற கதிரைத்தான் எண்ணுகிறது என்று.

“இதையாடா நான் இருவது வருஷமா தூக்குனேன்?”

நம் உடம்பிலேயே பொட்டாசியம் இருக்கிறது, அதிலேயே விநாடிக்கு நாலாயிரத்துக்கு மேல் சிதைந்துகொண்டுதான் இருக்கிறது, இந்த டின்னால் ஒன்றும் ஆகாது என்று விளக்கினேன். எண்ணியை என் நெஞ்சில் வைத்துக் காட்டினேன், வழக்கம்போல மெதுவாகத்தான் தட்டியது. அந்தச் சின்ன எண்ணிக்கு அது கேட்காது.

அம்மா கொஞ்ச நேரம் டின்னையே பார்த்தார். “ஒரம் ஒண்ணும் செய்யலடா. மருந்து அடிச்சோமே, அதான். நகமெல்லாம் கறுத்துப் போகும். மண்டோர் கையுறை கேட்டா நாளைக்கும்பாரு.” பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத்தான் சொன்னார். அது இந்த நாட்டில் தடையானது 2020-ல். அந்த மருந்தின் பக்கத்தில் என் எண்ணியைக் கொண்டுபோயிருந்தால் அது ஒரு தட்டுக்கூடக் கூடுதலாகத் தட்டியிருக்காது.

அப்புறம் அம்மா டின்னைக் கையில் எடுத்துக்கொண்டார். “அப்ப இத வாழைக்குப் போடலாமா, கூடாதா?”

“போடலாம்மா. எனக்கு அரை டின் மட்டும் வேணும்.”

“ஆபீசுல வாங்கித் தர மாட்டாங்களா?” என்று கேட்டுவிட்டு, அரை டின்னுக்கும் குறைவாக ஒரு பிளாஸ்டிக் பையில் கொட்டிக் கொடுத்தார். மிச்சத்தை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வாழைப் பக்கம் போனார்.